காலடி மண்ணில் நஞ்சு இருந்தால்: இங்கிலாந்தில் கவுன்சில் மாசடைந்த நிலத்தைக் கண்டறிந்து கையாளும் முறை

"உங்கள் வீடு இருக்கும் இடத்தில் முன்பு எரிவாயு ஆலை இருந்ததாகப் பழைய வரைபடங்கள் காட்டுகின்றன. தோட்டத்து மண்ணைப் பரிசோதிக்க அனுமதி வேண்டுகிறோம்."

கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சி மன்றத்திலிருந்து, இப்படி ஒரு கடிதம் வந்தால் அன்று இரவு யாருக்குத் தூக்கம் வரும்? பிள்ளைகள் அந்த மண்ணில்தானே புரண்டு விளையாடினார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடு இனி விலை போகுமா என்ற பயம் இன்னொரு பக்கம். கவுன்சில் உண்மையில் என்ன செய்கிறது, எந்த வரிசையில் செய்கிறது, எந்த இடத்தில் நாம் கேள்வி கேட்கலாம் என்பது தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இது இங்கிலாந்தின் நடைமுறை. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும் விதிகளும் வழிகாட்டு நெறிகளும் தனித்தனி.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்வோம்

பேச்சு வழக்கில், மண்ணில் நஞ்சு கலந்திருந்தால் அது மாசடைந்த நிலம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 'பகுதி 2ஏ' என்று ஒன்று உண்டு. 1995-இல் வந்த இன்னொரு சட்டம் அதைச் சேர்த்தது. இங்கிலாந்தில் அது 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மண்ணில் உள்ள பொருளால் கணிசமான தீங்கு ஏற்பட்டுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அப்படி ஏற்படக் கணிசமான வாய்ப்பு இருக்க வேண்டும். நிலத்தடி நீர், ஆறு, ஏரி போன்றவை கணிசமாகக் கெடுவதும் இதில் அடங்கும். இவற்றில் ஒன்று இருந்தால்தான் அந்த நிலத்துக்கு 'மாசடைந்த நிலம்' என்ற பெயர்.

இதைத் தீர்மானிக்க அதிகாரிகள் மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியைத் தேடுகிறார்கள். முதலாவது நஞ்சு. இரண்டாவது அது பயணிக்கும் வழி. மூன்றாவது அது போய்ச் சேரும் இலக்கு, அதாவது மனிதர், நீர், கட்டடம், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி போன்றவை. மூன்றும் கோத்திருந்தால்தான் ஆபத்து. கார் நிறுத்துமிடத்தின் தாருக்கு அடியில் ஈயம் கலந்த மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை யாரும் தொடுவதில்லை, அதன் தூசு பறப்பதில்லை. அங்கே நஞ்சு உண்டு, வழி இல்லை. அதே மண் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்து, அங்கே இரண்டு வயதுக் குழந்தை தவழ்ந்து, அம்மா கீரை போட்டால் மூன்று கண்ணியும் சேர்ந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தச் சங்கிலியை வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலின் ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு துளையும், ஒவ்வொரு நோட்டீஸும் இதில் ஏதோ ஒரு கண்ணியை நிரூபிக்கவோ உடைக்கவோ நடப்பதுதான்.

படி 1: எழுதி வெளியிட்ட உத்தி

இந்த வேலை மாவட்டக் கவுன்சில்கள், ஒருங்கிணைந்த கவுன்சில்கள், லண்டன் பரோக்கள் ஆகியவற்றின் பொறுப்பு. கவுண்டி கவுன்சிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் ஓர் அதிகாரி, பல இடங்களில் ஒரே ஓர் அதிகாரி, இதைப் பார்த்துக்கொள்கிறார்.

தன் எல்லைக்குள் உள்ள நிலத்தை அவ்வப்போது ஆராய வேண்டும் என்பது கவுன்சிலின் சட்டக் கடமை. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற கதையே இல்லை. எப்படி ஆராயப் போகிறது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதை மறுபார்வை செய்ய வேண்டும் என்று அரசின் 2012 வழிகாட்டு நெறி சொல்கிறது. உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் இந்த ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். அதில் உள்ள தேதியே நிறையச் சொல்லிவிடும்.

படி 2: பழைய வரைபடங்களைப் புரட்டுதல்

இங்கேதான் உண்மையான துப்பறியும் வேலை நடக்கிறது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனம் மிக நுணுக்கமான வரைபடங்களை வெளியிட்டு வருகிறது. ஒரே இடத்தின் 1880, 1910, 1950, 1970 வரைபடங்களை அடுக்கிப் பார்த்தால், வயலாக இருந்தது செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமாகி, பிறகு அந்தப் பள்ளமே வரைபடத்திலிருந்து காணாமல் போவது தெரியும். பள்ளம் தானாகக் காணாமல் போகாது. எதையோ கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். எதைக் கொட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அதிகாரிகள் தேடும் முகங்கள் சில உண்டு. நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலைகள் முதலிடத்தில் வரும். ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருந்தது. நிலக்கரித் தார், சயனைடு, பென்சீன் போன்றவற்றை மண்ணில் விட்டுச் சென்றது. தோல் பதனிடும் இடங்கள், உலோகப் பூச்சுப் பட்டறைகள், பெட்ரோல் நிலையங்கள், ரயில் பணிமனைகள், உலர் சலவைக் கடைகள், மரத்துக்கு மருந்து பூசிய கிடங்குகள் எல்லாம் பட்டியலில் உண்டு. எந்தத் தொழில் எந்த நஞ்சை விட்டுச் செல்லும் என்று 1990-களில் சுற்றுச்சூழல் துறை தொழில்வாரியாகக் கையேடுகளே வெளியிட்டது. அவை இன்றும் மேசையில் இருக்கின்றன. அப்புறம், பழைய குப்பைப் பள்ளங்கள். இங்கிலாந்தில் இவை மட்டும் சுமார் 20,000. அவற்றின் வரைபடத்தைச் சுற்றுச்சூழல் முகமை (Environment Agency என்ற அரசு அமைப்பு) பொதுமக்கள் பார்வைக்கே வைத்திருக்கிறது.

வரைபடத்தோடு வேலை முடிவதில்லை. பழைய தொழில் விவரப் புத்தகங்கள், வான்வழிப் படங்கள், கட்டட அனுமதிக் கோப்புகள், அங்கே வேலை பார்த்த முதியவர்களின் நினைவு எல்லாம் சேர்க்கப்படும். உங்கள் தெருவில் அறுபது ஆண்டாக இருக்கும் பாட்டி ஒருவர் "அந்த மூலையில் லாரி வந்து கொட்டும்" என்று சொன்னால் அது வெறும் கதை இல்லை. கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1990 சட்டத்தின் 143-ஆம் பிரிவு, இப்படி நஞ்சு விட்டிருக்கக்கூடிய நிலங்களையெல்லாம் ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னது. வீட்டு விலை சரிந்துவிடும் என்ற எதிர்ப்பில் அரசு 1993-இல் அதைக் கைவிட்டது. அதனால் கவுன்சில் தன் கணினியில் நூற்றுக்கணக்கான சந்தேக இடங்களைக் குறித்து வைத்திருந்தாலும் அந்தப் பட்டியல் தானாக உங்கள் கண்ணில் படாது. அந்த முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். விலை சரியும் என்பதற்காக உண்மையை மறைத்தால், அந்த இழப்பு கடைசியில் தெரியாமல் வாங்கியவர் தலையில் வந்து விழுகிறது.

படி 3: எதை முதலில் பார்ப்பது

சந்தேக இடங்கள் ஆயிரத்தைத் தாண்டலாம்; பணம் பத்து இடத்துக்குக்கூடப் போதாது. ஆகவே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். பழைய தொழில் எவ்வளவு மோசமானது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, அடியில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று பார்ப்பார்கள். எரிவாயு ஆலையின் மேல் தோட்டத்தோடு கூடிய வீடுகள் இருந்தால் மேலே போகும். அதே ஆலையின் மேல் கிடங்கு இருந்தால் கீழே போகும். உங்கள் இடம் பட்டியலில் இருக்கிறதா, எத்தனையாவது என்று கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 4: மேசை ஆய்வும் நேரில் பார்த்தலும்

வரிசையில் மேலே வந்த இடத்துக்கு ஒரு கருத்து மாதிரி வரைகிறார்கள். நஞ்சு எங்கே இருக்கலாம், எந்த வழியாக நகரலாம், யாரைச் சேரலாம் என்று அம்புக்குறி போட்ட படம் அது. பிறகு நேரில் நடந்து பார்ப்பார்கள். கருகிய செடி, விநோத வாடை, மண்ணில் நீல நிறத் திட்டு, சாம்பல், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. எரிவாயு ஆலை மண்ணில் தெரியும் அந்த நீலம் சயனைடு சேர்ந்த சேர்மத்தின் நிறம்.

இந்தக் கட்டத்திலேயே பல இடங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை என்று தெரிந்தால் ஆய்வு அங்கேயே நிற்க வேண்டும். ஆபத்துக்கு ஆதாரம் இல்லையென்றால், மாசடைந்த நிலம் என்று கருதவில்லை என எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டு நெறி கவுன்சிலைக் கேட்கிறது. பலர் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆய்வு உங்கள் மனையில் நடந்திருந்தால் விடாதீர்கள்.

படி 5: மண்ணைத் தோண்டுதல், எண்களைப் படித்தல்

அடுத்ததாகத் துளை இடுகிறார்கள், சோதனைக் குழி தோண்டுகிறார்கள். தோட்டத்து மேல்மண்ணில் பல இடங்களில் மாதிரி எடுப்பார்கள், ஏனென்றால் குழந்தையின் கை போவது அங்கேதான். வீட்டுக்காரர் அனுமதிக்காவிட்டால் நுழைவதற்குச் சட்ட அதிகாரம் உண்டு. ஆனால் விவரம் தெரிந்த அதிகாரி அதை எடுத்த எடுப்பில் காட்ட மாட்டார்.

பழைய குப்பைப் பள்ளமோ நிரப்பிய சுரங்கமோ என்றால் வாயுவையும் அளக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் போதாது, பல வாரம் திரும்பத் திரும்ப வருவார்கள். காற்றழுத்தம் சட்டென்று குறையும் நாளில்தான் நிலத்துக்குள் இருக்கும் வாயு வெளியே தள்ளப்படும். 1986 மார்ச் 24 அன்று டார்பிஷயரின் லாஸ்கோ கிராமத்தில், குப்பைப் பள்ளத்திலிருந்து நிலத்தடி வழியாக வந்த மீத்தேன் ஒரு வீட்டுக்குள் சேர்ந்து வெடித்து வீட்டையே தரைமட்டமாக்கியது. உள்ளே இருந்த மூவர் காயமடைந்தார்கள். அன்று காற்றழுத்தம் வேகமாகச் சரிந்திருந்தது. தெளிவான வானிலையில் இரண்டு முறை அளந்துவிட்டு "வாயு இல்லை" என்று எழுதிய அறிக்கையை நம்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆய்வுக்கூட முடிவு வந்ததும் எண்கள் வரும். இந்த எண்களைத் தவறாகப் படித்துத்தான் பலர் வீணாகக் கலங்குகிறார்கள். 2014-இல் அரசு சில பொருள்களுக்கு வடிகட்டும் அளவுகளை வெளியிட்டது. ஈயத்தை எடுத்துக்கொள்வோம். காய்கறி விளைவிக்கும் தோட்டம் கொண்ட வீட்டுக்கு ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராம். வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் அலாட்மென்ட் நிலத்துக்கு 80. வணிக இடத்துக்கு 2,300-க்கும் மேல். ஒரே ஈயம்தான், மண்ணைப் பயன்படுத்தும் முறை மாறுவதால் அளவு மாறுகிறது. வீட்டுத் தோட்டத்துக்கான அளவைக் கணக்கிடும்போது பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள பெண் குழந்தையை மனத்தில் வைக்கிறார்கள். அவள் மண்ணை வாயில் வைப்பதும், தூசைச் சுவாசிப்பதும், தோட்டத்துக் கீரையைச் சாப்பிடுவதும் கணக்கில் சேரும்.

இந்த அளவுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே இருந்தால்? மாசடைந்த நிலம் என்று அர்த்தம் ஆகாது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பழைய நகரங்களில், அடுப்புச் சாம்பலை நூறு ஆண்டாகக் கொட்டிய தோட்டங்களில், ஈயம் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். இயற்கையாகவே சில பாறைகளில் நஞ்சு அதிகம். கார்ன்வால், டெவன் மண்ணில் ஆர்சனிக் அதிகமாக இருப்பது தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட இடங்களில், மண்ணில் உள்ளதில் எவ்வளவு வயிற்றில் கரைந்து உடலுக்குள் போகும் என்று தனிச் சோதனை செய்வார்கள். வயிற்றுச் சாறு போன்ற ஒரு திரவத்தில் மண்ணைக் கலக்கி அளக்கும் சோதனை இது. பல நேரம் இதன் முடிவு ஒரு தெருவையே காப்பாற்றிவிடும்.

படி 6: நான்கு வகை, ஒரு தீர்மானம்

2012 வழிகாட்டு நெறி நிலத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஆபத்து ஏற்க முடியாத அளவு என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. நான்காம் வகையில் ஆபத்து இல்லை, அல்லது மிகக் குறைவு. சண்டையெல்லாம் நடுவில் உள்ள இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான். இரண்டாம் வகை என்றால் கவுன்சில் தலையிட வேண்டும். மூன்றாம் வகை என்றால் ஓரளவு ஆபத்து இருந்தாலும் சட்டம் தலையிடாது. இங்கே அறிவியலோடு சீர்தூக்கிப் பார்ப்பதும் வேண்டியிருக்கிறது. ஐயம் தீராமல் நிற்கும்போது, தலையிட்டால் வரும் நன்மையையும் அதனால் மக்களுக்கு ஏற்படும் மன உளைச்சல், பணச் செலவு ஆகியவற்றையும் கவுன்சில் எடைபோடலாம்.

தீர்மானத்துக்கு முன் கவுன்சில் ஓர் ஆபத்துச் சுருக்கம் தயாரிக்க வேண்டும். சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பது விதி. புரியவில்லையென்றால் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தீர்மானம் ஆனதும் நில உரிமையாளர், குடியிருப்பவர், செலவை ஏற்க வேண்டியவர் என்று கருதப்படுவோர், சுற்றுச்சூழல் முகமை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எத்தனை நிலம் இந்த வாசலைத் தாண்டுகிறது? சுற்றுச்சூழல் முகமை 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2000 முதல் 2013 வரை 11,000-க்கும் மேற்பட்ட இடங்கள் ஆராயப்பட்டன. மாசடைந்த நிலம் என்று தீர்மானிக்கப்பட்டவை 500-க்குச் சற்று மேல். கடிதம் வந்த உடனே வீட்டை விற்றுவிட ஓட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த எண்ணே காரணம்.

சில நிலங்கள் கவுன்சிலின் கையை மீறியவை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வெடிமருந்துத் தொழிற்சாலை, அமிலத் தார் குட்டை, அணுசக்தித் தளம், ராணுவ நிலம், குடிநீர் ஆதாரத்தைக் கெடுக்கும் நிலம் போன்றவை 'சிறப்புத் தளம்' ஆகிச் சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்புக்குப் போய்விடும்.

படி 7: பணம் யார் கட்டுவது

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், சட்டமும் இங்கேதான் சிக்கலாகிறது. நஞ்சை விட்டவர் கட்ட வேண்டும் என்பது அடிப்படை. விட்டவரும், தெரிந்தே இருக்க அனுமதித்தவரும் 'ஏ' வகுப்பு. நியாயமாகத் தேடியும் அவர்களில் யாரும் கிடைக்காவிட்டால்தான் இப்போதைய உரிமையாளரும் குடியிருப்பவரும் 'பி' வகுப்பாக வருவார்கள். நீர் மட்டும் கெடுகிறது என்றால் 'பி' வகுப்பைப் பிடிக்க முடியாது. வெறும் வாடகைக்கு இருப்பவரை விலக்கவும் விதி உண்டு.

'ஏ' வகுப்பில் பலர் இருந்தால் ஆறு விலக்குச் சோதனைகளை வரிசையாகப் போட்டு யாரை விடலாம் என்று பார்ப்பார்கள். உதாரணமாக, நிலத்தின் நிலைமையை முழுவதும் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றவர் விலக்குப் பெறலாம், பொறுப்பு வாங்கியவருக்குப் போகும். தொழில் இடம் வாங்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "எல்லாத் தகவலும் தந்துவிட்டோம்" என்று ஒப்பந்தத்தில் வரும் ஒரு வரி பின்னால் லட்சக்கணக்கான பவுண்டு ஆகலாம்.

இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாக்கும். ஹார்ட்போர்ட்ஷயரின் சாண்ட்ரிட்ஜில் 1950-களின் நடு முதல் 1980 வரை ஒரு ரசாயன ஆலை இயங்கியது. பிறகு கட்டுமான நிறுவனம் ஒன்று அதை இடித்து வீடுகள் கட்டியது. 2000-இல் ஹாட்பீல்டில் குடிநீர்க் கிணற்றில் புரோமேட் என்ற நச்சு வேதிப்பொருள் தெரிந்தது. பல கிலோமீட்டர் தூரம் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. ஆலையின் வாரிசு நிறுவனமான ரெட்லாண்ட் மினரல்ஸ், வீடு கட்டிய கிரெஸ்ட் நிக்கல்சன் இரண்டின் மீதும் பொறுப்பு விழுந்தது. நஞ்சைக் கொட்டாத கட்டுநர் ஏன்? கட்டடத்தையும் தளத்தையும் பெயர்த்துவிட்டு நிலத்தை மழைக்குத் திறந்து போட்டதால் நஞ்சு இன்னும் வேகமாகக் கீழே இறங்கியது.

இன்னொன்று டான்காஸ்டருக்கு அருகே பாட்ரி. பழைய எரிவாயு ஆலையின் மேல் 1960-களில் வீடுகள் வந்தன. 2001-இல் ஒரு தோட்டத்தில் நிலக்கரித் தார் வெளிப்பட்டது. 11 வீடுகளின் மண்ணைச் சுத்தம் செய்யச் சுற்றுச்சூழல் முகமைக்கு ஏறக்குறைய 7 லட்சம் பவுண்டு ஆனது. அந்தச் செலவை நேஷனல் கிரிட் காஸ் நிறுவனத்திடம் கேட்டது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2007-இல் அதை மறுத்தது. ஆலை நடத்திய பழைய நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, பிறகு தனியார்மயமானபோது இப்படி ஒரு பொறுப்பே சட்டத்தில் இல்லை. பிற்பாடு பிறந்த பொறுப்பு வாரிசுக்குப் போகாது என்றார்கள் நீதிபதிகள். செலவு பொதுப்பணத்தில் நின்றது.

வீட்டுக்காரர் 'பி' வகுப்பில் வந்துவிட்டால்? அப்போதும் ஓர் அணை உண்டு. செலவைக் கேட்கும் முன் அது அவரைத் தாங்க முடியாத கஷ்டத்தில் தள்ளுமா என்று கவுன்சில் பார்க்க வேண்டும். வாங்கியபோது தெரியாது, தெரிந்திருக்கவும் நியாயமில்லை என்று காட்ட முடிந்த வீட்டு உரிமையாளருக்குச் செலவைக் குறைக்கவோ விட்டுக்கொடுக்கவோ வழிகாட்டு நெறி இடம் தருகிறது. அதனால் வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த தேடல் அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்கு அப்போது என்ன தெரியும் என்பதற்கு அவைதான் சாட்சி.

கவுன்சில்களின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கும் சீரமைப்புக்கும் மத்திய அரசு தந்துவந்த தனி மானியத் திட்டம் 2013-இல் வெட்டப்பட்டு 2017-இல் முற்றிலும் நின்றது. கடமை இருக்கிறது, காசு இல்லை. பல கவுன்சில்கள் புதிதாக எதையும் தேடிப் போகாததற்கு இதுவே பெரிய காரணம். அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கடமையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

படி 8: நோட்டீஸும் சீரமைப்பும்

உடனடி ஆபத்து இல்லையென்றால், கவுன்சில் முதலில் சம்பந்தப்பட்டவர்களோடு பேச வேண்டும். சீரமைப்பு நோட்டீஸ் அனுப்பும் முன் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். அதற்குள் பொறுப்பானவர் தானாக முன்வந்து செய்தால் நோட்டீஸ் தேவையில்லை, என்ன செய்யப்போகிறார் என்ற அறிக்கை மட்டும் வெளியாகும். நோட்டீஸ் வந்தால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். காரணமின்றி நோட்டீஸை மீறுவது குற்றம்.

சீரமைப்பின் நோக்கம் மண்ணைப் பரிசுத்தம் ஆக்குவது என்று நினைக்க வேண்டாம், சங்கிலியை உடைத்தால் போதும். வீட்டுத் தோட்டத்தில் வழக்கமாகச் செய்வது, மேலே சுமார் 60 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துவிட்டு, தோண்டினால் எச்சரிக்கும் ஒரு விரிப்பைப் போட்டு, நல்ல மண்ணை நிரப்புவது. எண்ணெய் கலந்த மண்ணை நுண்ணுயிர் கொண்டு சிதைக்கலாம். உலோகம் கலந்ததைச் சிமென்ட் சேர்த்துக் கட்டிப்போடலாம். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். வாயுவுக்குக் காற்றோட்டக் கால்வாயும் தரைக்கடியில் தடுப்புப் படலமும் உண்டு.

அரைகுறையாகச் செய்தால் அது நோயைவிட மோசம். நார்தாம்ப்டன்ஷயரின் கார்பியில் மூடிய இரும்பாலையின் நிலத்தைச் சீரமைக்கும் பணி 1980-களிலும் 90-களிலும் நடந்தது. நச்சுக் கசடை ஏற்றிய லாரிகள் ஊர் வழியாகப் போயின. சேறு சாலையில் சிந்தி, காய்ந்து, தூசாய்ப் பறந்தது. அந்தக் காலத்தில் கருவுற்ற பெண்கள் சிலருக்குக் கை கால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்தன. அந்தக் கவுன்சில் தன் பொறுப்பில் தவறியது என்று உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தாய்மார்களை நினைக்கும்போதெல்லாம், சீரமைப்புத் திட்டத்தில் நான் முதலில் தேடச் சொல்வது இரண்டு விஷயம்: தூசை எப்படி அடக்குவார்கள், லாரி எந்த வழியாகப் போகும். உங்கள் தெருவில் பணி நடந்தால் லாரிச் சக்கரம் கழுவப்படுகிறதா, மேலே மூடப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படம் எடுத்து அன்றே தெரிவியுங்கள்.

வேலை முடிந்ததும் சரிபார்ப்பு அறிக்கை வர வேண்டும். எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, அது எங்கே போனது, கொண்டுவந்த புது மண் பரிசோதிக்கப்பட்டதா, அடியில் மிச்சம் என்ன இருக்கிறது எல்லாம் அதில் இருக்கும்.

பெரும்பாலான நிலம் வேறு வாசல் வழியாகச் சுத்தமாகிறது

இதுவரை சொன்னது பகுதி 2ஏ. உண்மையில் இங்கிலாந்தில் பெரும்பாலான நிலம் கட்டட அனுமதி வழியாகத்தான் சரி செய்யப்படுகிறது. பழைய ஆலை இடத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டால், ஆய்வு செய், திட்டம் கொடு, நிறைவேற்று, சரிபார்த்துக் காட்டு என்று கவுன்சில் நிபந்தனை போடும். செலவு கட்டுநருடையது. பணி முடிந்தபின் அந்த நிலம், குறைந்தபட்சம், பகுதி 2ஏ-இன் கீழ் மாசடைந்ததாகத் தீர்மானிக்கப்பட முடியாத நிலையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டை நீங்கள் நீட்டிக் கட்டும்போதும் இந்த நிபந்தனை வரலாம். "தோண்டும்போது எதிர்பாராத எதையாவது கண்டால் வேலையை நிறுத்தித் தெரிவிக்கவும்" என்ற வரியை மேஸ்திரியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது

வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கவுன்சிலுக்கு அனுப்பும் 'கான் 29' படிவத்தில் மாசடைந்த நிலம் பற்றிய கேள்வி உண்டு. "இல்லை" என்று பதில் வந்தால், அந்த நிலம் முறைப்படி தீர்மானிக்கப்பட்டு நோட்டீஸோ பதிவோ ஆகவில்லை என்று மட்டும்தான் பொருள். யாரும் மண்ணைத் தொட்டுப் பார்க்காத இடத்துக்கும் அதே "இல்லை"தான். பகுதி 2ஏ-இன் கீழ் கவுன்சில் வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டுக்கும் (1993-இல் கைவிடப்பட்டது வேறு) இது பொருந்தும், பல பதிவேடுகளில் ஒரு பெயர்கூட இருக்காது. தனியார் தரும் சுற்றுச்சூழல் தேடல் அறிக்கை பழைய பயன்பாட்டைச் சொல்லும். அதுவும் வரைபடத்தைப் பார்த்து எழுதியதுதான். முன்பு பயன்பாட்டில் இருந்த, இனி வீடு கட்ட ஏற்ற நிலங்களைப் பட்டியலிடும் 'பிரவுன்ஃபீல்டு பதிவேடு' என்பது வேறு. அதில் பெயர் இருந்தால் நஞ்சு என்று பயப்பட வேண்டாம்.

சரி, பட்டியலில் உங்கள் இடம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? 2004-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் ஒழுங்குமுறைகளின் கீழ் யாரும் கவுன்சிலுக்கு எழுதலாம். பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: இந்த முகவரியில் அல்லது அதைச் சுற்றி 250 மீட்டருக்குள் பழைய தொழில், நிரப்பிய பள்ளம் பற்றி உங்களிடம் என்ன பதிவு உள்ளது? முன்னுரிமை வரிசையில் இது எந்த இடத்தில் உள்ளது? ஆய்வு நடந்ததா, அறிக்கையின் நகல் தர முடியுமா? கட்டட அனுமதி நிபந்தனை போட்டிருந்தால் அது நிறைவேறியதாக எந்தத் தேதியில் ஏற்றீர்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். நிபந்தனை போட்டுவிட்டு, சரிபார்ப்பு அறிக்கையை யாரும் கேட்காமல் விட்ட இடத்தில்தான் பின்னால் தகராறு கிளம்பும்.

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது குழந்தை இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. வெளியிலிருந்து வந்ததும் கை கழுவுங்கள், செருப்பை வாசலிலேயே விடுங்கள், வெறும் மண் தெரியும் இடத்தைப் புல் அல்லது பலகையால் மூடுங்கள், காய்கறியைத் தரையில் போடாமல் வாங்கிய மண் நிரப்பிய தொட்டியில் போடுங்கள், பறித்ததை நன்றாகக் கழுவித் தோல் சீவுங்கள். எல்லாம் அதே சங்கிலியின் நடுக் கண்ணியை வெட்டும் வேலைதான்.

கடைசியில் கவுன்சில் தரும் எழுத்துப்பூர்வக் கடிதமோ சரிபார்ப்பு அறிக்கையோ எதுவானாலும் ஒரு நகலை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்தாண்டு கழித்து வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கப்போவது அதைத்தான். அப்போது அந்த அதிகாரி பணியில் இருக்க மாட்டார், கோப்பும் எந்த அலமாரியில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாமல் போகலாம்.